1951 பிளைமவுத் காரின் வால்வு ரேடியோ: வழிச்சுப் போடறதா, பாட வைக்கறதா?

12 ஜனவரி 2019, காலை (எங்க பழைய கார் ரேடியோ குழுவுல தாராபுரம் பக்கத்து நண்பர் கேட்டது)

அண்ணா, எங்க அப்பாரு (தாத்தா) ஓட்டின 1951 பிளைமவுத் தோட்டத்துச் சாளையில ரொம்பக் காலமா நின்னுட்டிருந்ததுங்க. இஞ்சின், பிரேக் வேலையெல்லாம் கோயமுத்தூர்ல முடிஞ்சுது. ரேடியோ மட்டும் பாக்கி. வண்டியோடவே வந்த ஒரிஜினல் வால்வு செட்டுன்னு (டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழாய் வெச்ச ரேடியோ) வீட்ல சொல்லுவாங்க. சுவிட்ச் போட்டா ஃபியூஸ் போயிருது. எலக்ட்ரீசியன் உள்ள இருக்கறதை வழிச்சுட்டு புளூடூத் போர்டு வெச்சுத் தர்றேங்கறார். வெளித்தோற்றம் அப்படியே இருக்குமாம். செய்யலாங்களா?

12 ஜனவரி, ரவைக்கு (என் பதில்)

வழிக்க விடாதீங்க தம்பி. ஃபியூஸ் போகுதுன்னா எங்கியோ ஓரிடத்துல ஷார்ட் இருக்கு, தேடினா கிடைச்சுடும். ஒண்ணுமே பண்ணாம ஊமையா கிடக்கற செட்டைவிட ஃபியூஸ் அடிக்கற செட்டு எனக்குப் பிடிக்கும்.

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கறது, கம்பியைச் சுத்திப் பார்க்கறது ரெண்டும் வேண்டாம். பவர் டிரான்ஸ்பார்மர் கருகிட்டா அதே அளவுல இன்னொண்ணு கிடைக்காது. அதைக் காப்பாத்தறது அந்த ஃபியூஸ்தான்.

செட்டைக் கழட்டி மேசை மேல வைங்க. ஸ்பீக்கர் இணைஞ்சே இருக்கட்டும். ஸ்பீக்கர் இல்லாம வால்வு செட்டை ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (கடைசி வால்வுல இருந்து ஸ்பீக்கருக்குக் கரண்ட் குடுக்கறது) போயிரும். 6 வோல்ட் பேட்டரியிலிருந்து வர்ற வயர்ல ஒரு 6 வோல்ட் ஹெட்லைட் பல்பை சீரியல்ல போட்டுக்குங்க. ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஃபியூஸ் செலவு மிச்சம். உள்ள ஒரு அலுமினிய டப்பா உருளையா பின்னுல சொருகியிருக்கும், அதுதான் வைப்ரேட்டர். அதை உருவிட்டு சுவிட்ச் போடுங்க. அப்பவும் பல்பு பளிச்சுன்னா பேட்டரி வயர் உள்ள நுழையற பக்கத்துலயே கோளாறு. பல்பு மங்கிப்போய் வால்வுகள் லேசா சிவந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்தது வைப்ரேட்டரைச் சொருகிட்டு, ரெக்டிபயர் வால்வை (மாறுகரண்டை நேர்க்கரண்டாக்கறது) மட்டும் உருவிப் பாருங்க. பளிச்சுன்னு எரிஞ்சா வைப்ரேட்டர் பாயிண்ட் (உள்ள தொட்டு விலகற முனை) ஒட்டியிருக்கு, இல்லைன்னா பஃபர் கண்டன்சர் ஷார்ட். எரியலைன்னா அதுக்கு அந்தப்பக்கம், நேராக்கின கரண்டைச் சீராக்கற ஃபில்டர் கண்டன்சர்.

13 ஜனவரி

நேத்து எழுதினதுல முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு, அதனால தனியா எழுதறேன். பேட்டரி 6 வோல்ட்தானேன்னு உள்ள கை வைக்காதீங்க. ஓடற செட்டுக்குள்ள 200-லிருந்து 250 வோல்ட் டிசி நிக்கும். ஆஃப் பண்ணின பிறகும் ஃபில்டர் கண்டன்சர்ல கொஞ்ச நேரம் தங்கும். ரெசிஸ்டர் வெச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுத்தான் தொடணும்.

6 வோல்ட் எப்படி 250 ஆகுதுன்னு ஒருத்தர் தனியாக் கேட்டார். பேட்டரி கரண்ட் நேர்க்கரண்ட் (டிசி), அது டிரான்ஸ்பார்மர்ல ஏறாது. வைப்ரேட்டருக்குள்ள ஒரு எஃகு நாக்கு இருக்கு. அது நொடிக்கு 115 தடவை வாக்குல இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அடிச்சு, டிரான்ஸ்பார்மரோட ரெண்டு அரைச்சுத்துக்கும் மாத்தி மாத்திக் கரண்ட் குடுக்கும். அந்தப்பக்கம் உயர்ந்த வோல்ட்ல மாறுகரண்ட் வரும், ரெக்டிபயர் வால்வு அதைத் திரும்ப நேராக்கும். சுவிட்ச் போட்டதும் டேஷ்போர்டுக்குள்ள ர்ர்ர்னு வர்ற சத்தம் அந்த நாக்கோடது. வால்வு சூடாகிப் பாட்டு வர கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான். அது வந்தாலே எனக்குத் தெம்பு வந்துரும்.

பஃபர் கண்டன்சர் பத்திச் சொல்லியே ஆகணும். நாக்கு ஒரு பாயிண்டை விட்டு அடுத்ததைத் தொடறதுக்குள்ள, டிரான்ஸ்பார்மர்ல தேங்கின சக்தி ஒரு பெரிய உதையா வெளிய வரும். அந்த உதையை வாங்கி, பதமா எதிர்ப்பக்கம் திருப்பி விடறது இந்தக் கண்டன்சர். அது சரியா இருந்தா பாயிண்ட் பொறி இல்லாம சேரும். கெட்டுப்போனா பாயிண்ட் கருகும், ஒட்டும், கடைசியில டிரான்ஸ்பார்மரும் போகும். அதனால பழைய கார் ரேடியோ எது வந்தாலும் கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே இதை மாத்திடறேன். 1600 வோல்ட்டுக்குக் குறையாத புதுசு போடுங்க. மைக்ரோபாரட் அளவு மேல எழுதியிருக்கறதேதான் இருக்கணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்த டிரான்ஸ்பார்மருக்குன்னே கணக்குப் போட்டு வெச்ச அளவு அது.

15 ஜனவரி

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பாசிட்டிவ் முனையை வண்டி பாடியில இணைக்கறது) பத்தி நிறையப் பேர் கேக்கறீங்க. கிறைஸ்லர் குடும்பத்து வண்டிங்க (பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ) 1955 மாடல் வரைக்கும் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956-லிருந்து 12 வோல்ட், நெகடிவ் எர்த். செவர்லே 6 வோல்ட்லயும் நெகடிவ் எர்த்துதான். நம்மூர்ல ஓடின பிளைமவுத், டாட்ஜ்ல பல வண்டிங்க பம்பாய் குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினது. 1947-லயே அங்க வேலை தொடங்கியாச்சு. பூட்டினது எங்கியா இருந்தாலும் வயரிங் அமெரிக்கா வயரிங்தான்.

ரெக்டிபயர் வால்வு தனியா இருக்கற செட்டுக்கு எந்த எர்த்தா இருந்தாலும் கவலையில்லை. 6எக்ஸ்4, ஓஇசட்4 மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா நிம்மதியா இருங்க. அது இல்லாம வைப்ரேட்டரே ரெக்டிபயர் வேலையும் பார்க்கற சின்க்ரனஸ் வகை ஒண்ணு உண்டு. அதுல துருவம் மாறினா வோல்டேஜ் தலைகீழா வரும், ஃபில்டர் கண்டன்சர் வெடிச்சுரும்.

20 ஜனவரி

தாராபுரத்துத் தம்பி போட்டோ அனுப்பியிருக்கார். பெரிசாக்கிப் பார்த்தேன். ரெண்டு விஷயம்.

செட்டு டேஷ்போர்டுக்குள்ள இல்லை, அதுக்குக் கீழ பட்டை போட்டுத் தொங்குது. டேஷ்போர்டுல ரேடியோ வர்ற ஓட்டையில மூடித் தகடு அப்படியே இருக்கு. ரெண்டாவது, டயல்ல 64-க்குப் பக்கத்துலயும் 124-க்குப் பக்கத்துலயும் சின்னதா முக்கோணக் குறி. அமெரிக்காவுல போர் அபாய அறிவிப்புக்குன்னு 640, 1240 கிலோஹெர்ட்ஸ் ரெண்டையும் ஒதுக்கி, 1953-லிருந்து 1963 வரைக்கும் அங்க வித்த ரேடியோவுல எல்லாம் அந்தக் குறி போட வெச்சாங்க. கார் 1951. அதனால செட்டு வண்டியோட வந்ததில்லீங்க, பின்னால வாங்கி மாட்டினது.

வீட்ல சொல்லிட்டு வந்ததுக்கு மாறாச் சொல்றது எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ‘அப்ப ஒரிஜினல் இல்லையே, வழிச்சுடலாமே’ன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. உங்க அப்பாரு கையால திருகின குமிழ் அது. ஃபேக்டரி மாட்டினதைவிட எனக்கு அதுதான் எச்சு.

21 ஜனவரி

ஒருத்தர், ‘1950கள்ல கொங்குநாட்டுக்காரங்களுக்கு வால்வு ரேடியோ பத்தி என்ன தெரியும், எல்லாம் வெளிநாட்டுச் சாமான்’னு எழுதியிருக்கார். கலங்கல்ல பொறந்த ஜி.டி. நாயுடு 1941-லயே அஞ்சு வால்வு செட்டை 70 ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு அறிவிச்சவர். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்தை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கின அதே ஆளு. காரும் ரேடியோவும் சேர்ந்து ஒரே தலைக்குள்ள இருந்த ஊரு இது. அவிநாசி ரோட்டுல ஜீடீ கார் மியூசியம் இருக்கு, போகாதவங்க போய்ப் பாருங்க. கார் உள்ள எட்டிப் பார்க்கறப்ப டேஷ்போர்டு நடுவையும் பாருங்க.

2 பிப்ரவரி

தம்பி சோதிச்சுட்டார். வைப்ரேட்டரை உருவினா ஃபியூஸ் நிக்குது, வால்வு எல்லாம் எரியுது. ரெக்டிபயர் இல்லாம வைப்ரேட்டரைச் சொருகினா ஹெட்லைட் பல்பு பளிச். பஃபரைக் கழட்டி அளந்தா ஷார்ட். பாயிண்டும் ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு கெட்டு இன்னொண்ணைக் கெடுத்திருக்கு.

செட்டு இப்ப என் மேசை மேல. வைப்ரேட்டர் டப்பாவோட அடி விளிம்பை மடக்கியிருப்பாங்க, நோஸ் பிளையர்ல கொஞ்சங்கொஞ்சமா விரிச்சு உருவணும். உள்ள சத்தம் கேக்காம இருக்க ரப்பர் மெத்தை வெச்சிருப்பாங்க. அது மக்கிப் பொடியா உதிரும், அந்தப் பொடி பாயிண்ட்லயும் படியும். 2000 நம்பர் உப்புத்தாள் ஒரு கீத்தை பாயிண்ட் நடுவுல விட்டு ரெண்டு இழுப்பு, அப்புறம் ஆல்கஹால்ல நனைச்ச கெட்டித்தாள். அரம் வெச்சு ராவினா பாயிண்ட் மேல இருக்கற டங்ஸ்டன் தேஞ்சுரும். நாக்கை வளைக்கவும் கூடாது. இடைவெளி மாறினா நாக்கு ரெண்டு பக்கமும் சமமா அடிக்காது.

மெழுகு பூசின பேப்பர் கண்டன்சர்களை மொத்தமா மாத்தறேன். அவுட்புட் வால்வு கிரிட்டுக்கு (வால்வுக்குள்ள கரண்டைக் கட்டுப்படுத்தற கம்பி வலை) போற கண்டன்சர் லீக்கானா கிரிட்டுல பாசிட்டிவ் வோல்ட் ஏறும், வால்வு அளவுக்கு மேல கரண்ட் இழுக்கும், அதோட அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். மைக்கா கண்டன்சர் பெரும்பாலும் நல்லா இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

5 பிப்ரவரி

வால்வு எங்க கிடைக்கும்னு கேட்டவங்களுக்கு. இந்தச் செட்டுல 6பிஈ6, 6பிஏ6 ரெண்டு, 6ஏவி6, 6ஏக்யூ5, 6எக்ஸ்4. இதே வால்வுகளுக்கு ஐரோப்பாப் பேரும் உண்டு. வரிசையா ஈகே90, ஈஎஃப்93, ஈபிசி91, ஈஎல்90, ஈஇசட்90. கடைக்காரர் ஒரு பேரைச் சொல்லி இல்லைம்பார், இன்னொரு பேரைச் சொன்னா எடுத்துக் குடுப்பார். உக்கடம் பழைய சாமான் கடைங்கள்ல பழைய வீட்டு ரேடியோ சேஸிஸ் கிடைச்சா விடாதீங்க. வால்வு மட்டுமில்லாம சாக்கெட், குமிழ் எல்லாம் உதவும்.

ஆறு வால்வும் எரியறதுக்கு மட்டும் 2.25 ஆம்பியர். வைப்ரேட்டர் இழுக்கறதையும் சேர்த்தா மொத்தம் 6 ஆம்பியர் பக்கம். 10-க்கு மேல காட்டினா உடனே ஆஃப் பண்ணிருங்க.

10 பிப்ரவரி

பயந்த மாதிரியே ஆச்சு. செட்டு உறுமுது, வோல்ட் வருது, சத்தம் மட்டும் இல்லை. அவுட்புட் வால்வு 6ஏக்யூ5 உள்ள ஸ்கிரீன் கிரிட் செவசெவன்னு தணலாட்டம் எரியுது. பிளேட்டுக்கு வோல்ட் போகாட்டி அந்த வேலையையும் ஸ்கிரீன் தலையில கட்டிரும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரி (வால்வுப் பக்கத்துச் சுத்து) அறுந்திருக்கு.

இந்த இடத்துலதான் கோயமுத்தூர் கை குடுக்கும். பம்பு மோட்டார் கட்டற ஊர்ல வைண்டிங்குக்கா பஞ்சம்? ஆனா எல்லா வைண்டிங் கடையிலயும் இதைக் குடுக்காதீங்க. மோட்டார் கட்டற கை தடிச்ச கம்பிக்குப் பழகினது. ரிலே, சோக்கு சுத்தறவங்களைத் தேடுங்க. பழைய கம்பியை அவுக்கறப்பவே சுத்தை எண்ணச் சொல்லுங்க. கருகி ஒட்டிப்போய் எண்ண முடியலைன்னா கணக்கு இதான்: 6ஏக்யூ5-க்கு 250 வோல்ட்ல 5000 ஓம் லோடு வேணும், ஸ்பீக்கர் 3.2 ஓம், அப்ப சுத்து விகிதம் 40-க்கு 1 வாக்குல வரும். இரும்புத் தகடுகளை எல்லாம் ஒரே பக்கமா அடுக்கி, நடுவுல மெல்லிசா காயிதம் வெச்ச இடைவெளி இருக்கும். அதை அப்படியே திரும்ப வைக்கணும். மோட்டார் பழக்கத்துல தகட்டை மாத்தி மாத்தி அடுக்கினா, டிசி ஓடற டிரான்ஸ்பார்மர் மூச்சு முட்டிப்போகும்.

கணபதியில ஒரு பெரியவர் சுத்திக் குடுத்தார். அவர் பேரை இங்க எழுத வேண்டாம்னுட்டார். காசு குடுத்தா, ‘பாட்டு வந்துட்டுக் குடு கண்ணு’ன்னு சொல்லிட்டார்.

17 பிப்ரவரி

வைப்ரேட்டருக்குப் பதிலா டிரான்சிஸ்டர் வெச்ச டப்பா போடலாமான்னு கேள்வி. இதுல ரெண்டு மனசு எனக்கு. நாக்கு அடிக்கற சத்தம் இல்லாத செட்டு பாதிச் செட்டுதான்னு இதே குழுவுல வாதாடியிருக்கேன். இப்ப கொஞ்சம் தளர்த்தறேன். வாரத்துக்கு ரெண்டு நாள் வண்டியை ரோட்ல ஓட்டறவர், பழனிக்கும் ஊட்டிக்கும் குடும்பத்தோட போறவர், பழைய வைப்ரேட்டரை நம்பிப் போக முடியாது. அதே பின்னுல சொருகற எலக்ட்ரானிக் டப்பா போட்டுக்குங்க. செட்டுக்குள்ள ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பழைய வைப்ரேட்டரைத் துணியில சுத்தி டேஷ்போர்டு பெட்டியில வெச்சுக்குங்க. திரும்பச் சொருக முடியணும், என் கட்டுப்பாடு அவ்வளவுதான்.

15-ம் தேதி எழுதினதோட இதைச் சேர்த்துப் படிங்க. எந்த எர்த்தானாலும் கவலையில்லைன்னது நாக்கு வைப்ரேட்டருக்கு. டிரான்சிஸ்டர் டப்பாவுக்குத் துருவம் உண்டு. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு நெகடிவ் எர்த் டப்பாவைச் சொருகினா அந்த நொடியே போயிரும்.

6எக்ஸ்4-ஐ எடுத்துட்டு சிலிக்கான் டயோடு போடறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். மத்த வால்வுங்க சூடாகறதுக்கு முன்னாடியே முழு வோல்ட்டும் வந்து நிக்கும். இழுக்க ஆள் இல்லாததால அது அளவுக்கு மேல ஏறி, ஃபில்டர் கண்டன்சரைப் பதம் பார்க்கும்.

24 பிப்ரவரி

பாடுச்சுங்க. மேசை மேல, ரெண்டு முழம் வயரை ஏரியலாக் கட்டி. கோவை வானொலி நிலையம் 999 கிலோஹெர்ட்ஸ்ல தெளிவா வந்துச்சு. பெரியவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்கிட்ட வெச்சேன். ஒண்ணும் பேசாம செய்தி முடியற வரைக்கும் கேட்டுட்டு, ‘சரி, காசு கொண்டா’ன்னார்.

3 மார்ச்

வேற ஒரு டாட்ஜ் செட்டு பத்தி. பட்டன் அமுக்கினா நிலையம் மாறற வகை. பட்டனை இழுத்து அமுக்கி ஒரு நிலையத்தை அதுல பதிச்சு வைக்கலாம். எல்லாம் மெக்கானிக்கல், அதனால பதிச்சவர் போன பிறகும் அது அப்படியே நிக்கும். செட்டை ஓட வெச்சதும் ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்தேன். ஒண்ணு திருச்சி நிலையத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு, ஆனா 936 மேல சரியா உக்காரலை, சித்தே தள்ளி. உலகத்துல நம்ம பக்கத்து மத்திய அலை நிலையங்களுக்கெல்லாம் 1978 நவம்பர் 23-ல அலைவரிசை மாத்தி, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி யாரோ பதிச்ச பட்டன்னு மனசுல பட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

யோசிச்சா இன்னொரு காரணமும் இருக்கலாம். கோர் தேஞ்சிருந்தாலும், அலைன்மென்ட் நகர்ந்திருந்தாலும் இதே மாதிரி தள்ளி நிக்கும். அதனால இதை வெச்சு மட்டும் வருஷம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பட்டனை நான் மாத்திப் பதிக்கலை, வண்டிக்காரர்கிட்டயும் மாத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.

கோவை நிலையம் வந்தது 1966-லதான். திருச்சி 1939-லயே வந்துருச்சு. 1950கள்ல நம்ம பக்கம் கார்ல ரேடியோ கேட்டவங்க திருச்சியைத்தான் தேடியிருப்பாங்க. பொழுது போன பிறகு தூரத்து நிலையங்களும் வரும். பொள்ளாச்சி தாண்டிக் கேரளா பக்கம் போனா பகல்லயே திருச்சூர் 630 கேக்கும்.

6 மார்ச்

தம்பி எழுதறார்: டேஷ்போர்டு பெட்டியில காயிதக் கட்டுக்கு நடுவுல ரேடியோ லைசென்ஸ் புஸ்தகம் கிடைச்சிருக்கு. அப்பல்லாம் ரேடியோ வெச்சிருந்தா போஸ்டாபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கணும். முதல் முத்திரை 1957. முக்கோணக் குறி சொன்னதோட ஒத்துப்போகுது. அவங்க அத்தைகிட்டக் கேட்டதுக்கு, ‘ஆமா, கொச்சியில இருந்து வாங்கியாந்தது, ஐயன் (அப்பா) அதை எங்களைத் தொடவே விடமாட்டார்’னாங்களாம். அந்தப் புஸ்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில போட்டு வண்டியிலயே வெச்சிருங்க தம்பி.

16 மார்ச்

செட்டை வண்டியில மாட்டியாச்சு. இஞ்சின் நின்னா பாட்டு, ஓடினா இரைச்சல். இதுக்கு ரேடியோவைத் திரும்பக் கழட்ட வேண்டாம்.

என்ன சத்தம்னு முதல்ல காது குடுங்க. இஞ்சின் வேகத்தோட டிக்டிக்னு ஏறினா இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற நடு வயர்ல சப்ரசர் ரெசிஸ்டர் போடுங்க. முன்ன இருந்ததை யாராவது கழட்டி எறிஞ்சிருப்பாங்க. ஊளையிடற மாதிரி ஏறி இறங்கினா டைனமோ. டைனமோவோட ஆர்மேச்சர் முனையில இருந்து பாடிக்கு 0.5 மைக்ரோபாரட் கண்டன்சர் ஒண்ணு. ஃபீல்டு முனையில எக்காரணம் கொண்டும் போடாதீங்க, ரெகுலேட்டர் பாயிண்ட் கருகிரும். பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவுல பெயிண்ட் அடிச்சதுல எர்த் விட்டுப்போயிருந்தாலும் இரைச்சல் வரும். புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டியில எல்லாம் நான் முதல்ல பார்க்கற இடம் அது.

வீட்டு வாசல்ல நின்னுட்டுச் சோதிக்காதீங்க. எல்இடி பல்பு, சார்ஜர், பம்புசெட்டு ஸ்டார்ட்டர் எல்லாம் மத்திய அலையில வந்து கத்தும். உயர் அழுத்த லைன் இல்லாத வெளிக்காட்டுல வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைச்சுட்டுக் கேளுங்க. மிச்சம் இருக்கற சத்தம்தான் வண்டியோடது.

23 மார்ச்

ஊளை போயிருச்சு, திருச்சி மட்டும் பகல்ல மெலிசா வருதுன்னார் தம்பி. ஏரியல் மாத்தலாமான்னு கேக்கறார். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஏரியல் வயர் சொருகற ஓட்டைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு திருகு இருக்கும், ஏரியல் டிரிம்மர். ஏரியலை முழுசா நீட்டி, டயலை 1400 பக்கம் கொண்டு போய், மெலிசா வர்ற ஒரு நிலையத்தையோ வெறும் இரைச்சலையோ பிடிச்சுக்குங்க. திருகை மெல்லத் திருப்பி, சத்தம் எங்க எச்சா வருதோ அங்க விட்டுருங்க. ஒவ்வொரு வண்டியிலயும் ஏரியலும் வயரும் வேற வேற. மேசை மேல செஞ்ச டிரிம்மிங் வண்டிக்கு ஒத்து வராது. இதைச் செஞ்ச பிறகும் மெலிசா இருந்தா ஏரியல் அடிக்கட்டையில துருவைச் சுரண்டி, பாடியோட எர்த் சரியா இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க.